பன்னுவின் வாயில் ஒரு வாடை

ஜூன் 1, ஞாயிறு

இந்த நோட்டு நானாக ஆசைப்பட்டு வாங்கியது அல்ல. குழந்தைவேலு வாங்கச் சொன்னார். அவர் காவல்துறை மோப்ப நாய்ப் பிரிவில் இருபத்தாறு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வடவள்ளிப் பக்கம் சொல்பேச்சு கேட்காத நாய்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வீடு தேடி வந்து பாடம் எடுக்கிறார். எங்கள் வீட்டில் அப்படி இரண்டு இருக்கின்றன.

"எப்ப சண்டை வருதுன்னு எழுதுங்க. அதுக்கு முந்தி வீட்டு மனுசங்க என்ன பண்ணிட்டிருந்தாங்கன்னும் தவறாம எழுதோணும்ங்க. நாய் காரணமில்லாம உறுமாதுங்க" என்றார். அதற்காக 'முன்பு' என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டுமாம்.

என் பெயர் தெய்வசிகாமணி. வயது அறுபத்தொன்று. முப்பத்தைந்து வருடம் கிரைண்டர் கடை நடத்தியவன். என் நாய் பன்னு. முழுப்பெயர் தேங்காபன். நிறமும் அப்படி, உருவமும் அப்படி. ஏழு வயது லேப்ரடார். தயிர்சாதத்தில் வளர்ந்தது.

போன மாதம் இருபத்திரண்டாம் தேதி நான் சண்முகவடிவு டீச்சரைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டேன். பாளையங்கோட்டையில் பி.டி. டீச்சராக, அதாவது உடற்பயிற்சி ஆசிரியையாக, இருந்தவர். வயது ஐம்பத்தெட்டு. அதுவரை கல்யாணமே வேண்டாம் என்று இருந்தவர். நான் என் மனைவி சாரதா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் தனியாக இருந்தவன். ஒரு கல்யாணப் பந்தியில்தான் பார்த்துக்கொண்டோம். பன்னுவுக்காக நான் ஒரு வடையைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டிருந்தேன். எதிர் வரிசையில் ஓர் அம்மாள் இரண்டு போளியைக் கைப்பைக்குள் இறக்கிக்கொண்டிருந்தார். ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கவில்லை. பழக்கம் அங்கே ஆரம்பித்தது.

டீச்சரோடு ரிலேயும் வந்தது. கன்னி இனத்துக் கறுப்பு வேட்டை நாய், பெட்டை. வயிறு முதுகோடு ஒட்டியிருக்கும். பள்ளிக்கூடத்து ரிலே அணி மாவட்ட அளவில் ஜெயித்த அன்று கிடைத்த குட்டியாம். வந்த பத்து நாளில் பன்னுவோடு பதினோரு சண்டை போட்டிருக்கிறது.

டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். "எங்கூரு வீட்ட காலேஜ் பேராசிரியை ஒருத்தி வாடகைக்குக் கேக்கா. முப்பதாம் தேதிக்குள்ள பதில் சொல்லணும். ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா சாவியக் குடுத்துருதேன். இல்லன்னா நானும் ரிலேயும் ஊருக்குப் போயிருதோம். நீங்க மாசம் ஒருக்க வாங்க. ஒரே வீட்டுல அடிச்சுப் புரண்டுட்டுதான் கெடக்கணும்னு சட்டமா இருக்கு?"

"சரிங்க" என்றேன். எனக்கு இதில் ஒன்றுமில்லை. தனியாக இருந்து பழகியவன்தான். நாய்களின் நலன்தான் முக்கியம்.

ஜூன் 2, திங்கள்

காலை 7.10. கால்மிதியில் யார் படுப்பது என்று சண்டை. முன்பு: காபியில் சர்க்கரை குறைவு என்று நான் சொன்னேன். "பல்லு வெளக்குன ஈரம் காயல, அதுக்குள்ள குறையா?" என்று டீச்சர் கேட்டார்.

மதியம் 1.30. மின்விசிறிக்குக் கீழே உள்ள இடத்துக்காகச் சண்டை. முன்பு: டீச்சர் விசிறியை ஐந்தில் வைத்தார். நான் மூன்றில் வைத்தேன். அவர் ஐந்தில் வைத்தார்.

மாலை 6.45. வாசற்படியில் சண்டை. முன்பு: ஒன்றுமில்லை. டிவி ரிமோட் என் கையில் இருந்தது. அவ்வளவுதான்.

ஜூன் 4, புதன்

டீச்சர் நாய்களை நடத்தும் முறை எனக்குப் பிடிக்கவில்லை. கழுத்தில் எந்நேரமும் விசில். ஒரு ஊது ஊதினால் ரிலே விறைத்து நிற்கிறது. பழக்கதோஷத்தில் இரண்டு முறை நானும் நின்றுவிட்டேன்.

ரிலேயை "ஏட்டி" என்கிறார். பன்னுவை "ஏல" என்கிறார். பன்னுவை இதுவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. நான் "வாங்க சாமி, சாப்பிடலாம் வாங்க" என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் பக்கம் குழந்தைகளைக்கூட அப்படித்தான் கூப்பிடுவோம்.

"நாய்க்கு எதுக்கு இம்புட்டு மரியாதை? அதான் அது மாமியா வீட்டுக்கு வந்த மாப்பிள கணக்கா கால நீட்டிப் படுத்துக் கெடக்கு" என்றார் டீச்சர்.

பன்னு அதைக் கேட்டுக்கொண்டே கால் மாற்றிப் படுத்தது.

ஜூன் 8, ஞாயிறு

குழந்தைவேலு வந்தார். நோட்டைப் படித்தார். 'முன்பு' வரிகளை மட்டும் இரண்டாம் முறை படித்தார். மீசைக்குள் சிரித்த மாதிரி இருந்தது.

புதுச் சட்டம் போட்டிருக்கிறார். நாளையிலிருந்து பன்னுவை டீச்சர் நடைக்குக் கூட்டிப்போக வேண்டும். ரிலேயை நான். இரவில் இரண்டு நாய்களுக்கும் தனித்தனி அறை, துணைக்கு அதனதன் ஆள். ஆகவே நாங்களும் தனித்தனி அறை. நாய்களின் நலன் கருதி நான் மறுப்பு சொல்லவில்லை.

இருபத்தொன்பதாம் தேதி சோதனை. பக்கத்தில் பக்கத்தில் தட்டு வைத்து, சாப்பாடு போட்டு, ஒரு நிமிடம் இரண்டும் அசையாமல் உட்கார வேண்டும். அதில் தேறினால் சேர்ந்து வாழும்.

"முக்கியமான விசயமுங்க. தட்டுல போடறதத் தவிர வெளிச்சாப்பாடு ஒரு துணுக்குகூடக் கூடாது. ஒளிச்சு வச்ச தீனி வீட்டுக்குள்ள இருந்தா அதக் காவல் காக்கவே நாய் சண்ட போடும்ங்க" என்றார்.

நானும் டீச்சரும் ஒரே குரலில் "ச்சே ச்சே" என்றோம்.

ஜூன் 9, திங்கள்

ரிலே கேட்டைத் தாண்டவில்லை. சங்கிலியை இழுத்தேன். உட்கார்ந்தது. கெஞ்சினேன். படுத்தது. "வாங்க சாமி" என்றேன். என்னை யாரோ போல் பார்த்தது. பால் வாங்க வந்தவர்கள் எல்லாரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

பன்னு தெருமுனை வரை போய், நடுரோட்டில் மல்லாந்து படுத்துக்கொண்டதாம். டீச்சர் ஊதிய விசிலுக்கு ஒரு பள்ளிக்கூட வேன்தான் நின்றதாம். எனக்கு ஆறுதலாக இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்

இன்று ரிலே முக்கால் கிலோமீட்டர் நடந்தது. முனையிலிருக்கும் பேக்கரியில் நான் டீ குடிக்கும்போது கண்ணாடிப் பெட்டியில் இருந்த வர்க்கியை, அந்த மொறுமொறு அடுக்கு பிஸ்கட்டை, அது பார்த்தது. ஒரு துண்டு கொடுத்தேன். அப்புறம் என் முழங்காலை ஒட்டியே வந்தது.

வர்க்கியைச் சாப்பாடு என்று சொல்ல முடியாது. பாதிக்கு மேல் வெறும் காற்று. எனவே சட்டத்தை மீறவில்லை.

ஜூன் 12, வியாழன்

டீச்சர் சொன்னார்: "பன்னு இன்னைக்கி மைதானத்த ரெண்டு சுத்து ஓடுனான்."

நான் சொன்னேன்: "ரிலே கோயில் அடிவாரம் வரைக்கும் வந்துச்சுங்க. சங்கிலியே புடிக்கல."

"அப்படியா?"

"அன்பா சொன்னா கேக்கும்ங்க."

"ஆமா. அன்புதான் காரணம்" என்று டீச்சரும் சொன்னார். சொல்லும்போது எங்கேயோ பார்த்தார்.

சண்டை ஒன்றே ஒன்று. முன்பு: மின்விசிறி.

ஜூன் 13, வெள்ளி

பன்னுவின் வாயில் ஒரு வாடை.

ஜூன் 15, ஞாயிறு

வாடை அதிகமாகியிருக்கிறது. பல் சொத்தையாக இருக்கலாம். டார்ச் அடித்துப் பார்த்தேன். பன்னு ஒத்துழைத்தது. டீச்சர் பின்பக்கம் துணி எடுக்கப் போனவர் வெகுநேரம் வரவில்லை. துணி எதுவும் காயப்போடவில்லை என்பது பிறகுதான் ஞாபகம் வந்தது.

குழந்தைவேலுவிடம் காட்டினேன். குனிந்து பன்னுவின் வாயை மோந்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார். பிறகு ரிலேயின் மீசையில் ஒட்டியிருந்த எதையோ விரலால் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இருபத்தாறு வருசம் நம்ம பொழப்பே மோப்பம்தானுங்க" என்றார். சம்பந்தமில்லாமல் எதற்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

கால்நடை மருத்துவரிடம் பன்னுவைக் கூட்டிப்போனேன். பல் எல்லாம் நன்றாக இருக்கிறதாம். "மீன் ஏதாச்சும் குடுக்கறீங்களா?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் முட்டைகூட உடைத்ததில்லை என்றேன்.

உண்மைதான். சாரதாவுக்குக் கவுச்சி வாடையே ஆகாது. கல்யாணமான வாரத்தில் நானும் விட்டேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அவள் போன பிறகும் அந்த அடுப்பங்கரையில் எதையும் மாற்றவில்லை. அஞ்சறைப்பெட்டிகூட அவள் வைத்த இடத்தில்தான் இருக்கிறது.

டீச்சர் வந்த அன்று சாமான்களைப் பிரிக்கும்போது ஒரு மண்சட்டியை எடுத்தார். "இங்க மீனு கெடையாதோ?" என்று கேட்டார். "சாரதாவுக்குப் பிடிக்காதுங்க" என்றேன். சட்டியை மறுபடி துணி சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டார். ரிலேக்கு முட்டை வேகவைக்கக்கூடத் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் சின்ன அடுப்பு வைத்துக்கொண்டார். நானாக அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

ஜூன் 19, வியாழன்

ரிலே முட்டையைத் தொடவில்லை. வெயில் காரணமாக இருக்கலாம்.

(இன்று வர்க்கி நான்கு. தேங்காபன் பாதி. பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது அது தலையைக் கொண்டுவந்து என் தொடைமேல் வைத்தது. அதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வான்?)

ஜூன் 21, சனி

வீட்டில் விசித்திரமான காரியங்கள் நடக்கின்றன. ரிலே என் கட்டிலுக்கு அடியில் படுக்கிறது. பன்னு டீச்சர் அறை வாசலில் காவல் இருக்கிறது.

மாலை 5. பன்னு உறுமியது. ரிலேயைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்து. முன்பு: கூட்டுவதற்காக டீச்சருடைய விளையாட்டுச் சாமான் பையை நகர்த்தி வைக்க எடுத்தேன். ஏழு வருடம் தயிர்சாதம் பிசைந்து போட்ட கையைப் பார்த்து உறுமியது. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பதெல்லாம் நாய்க்குத்தான் பொருந்தும் என்று நினைத்திருந்தேன்.

"பைய வச்சிருங்க. அதுல பழைய டிராக்சூட்டு கெடக்கு" என்றார் டீச்சர், கொஞ்சம் அவசரமாக.

ஜூன் 22, ஞாயிறு

ஒத்திகை. இருபது விநாடி இரண்டும் உட்கார்ந்தன. இருபத்தோராவது விநாடி பன்னு ரிலேயின் தட்டில் இருந்த முட்டைக்குப் பாய்ந்தது. ரிலே பன்னுவின் தயிர்சாதத்தையும் பார்க்கவில்லை, தன் முட்டையையும் பார்க்கவில்லை. என் சட்டைப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

குழந்தைவேலு, "இன்னும் ஒரு வாரம் இருக்குதுங்க. மனசு வெச்சா நடக்கும்" என்றார். நாய்களின் மனசைச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 24, செவ்வாய்

ரிலே சாப்பிட்டு மூன்று நாள் ஆகிறது என்று டீச்சர் நினைக்கிறார்.

காலையில் அது தட்டை மோந்துவிட்டுத் திரும்பிப் படுத்தபோது அதன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். விசில் கழுத்தில் இல்லை.

"இது ஊர நெனச்சு ஏங்குது. வாயில்லாப் பிராணியக் கொண்டாந்து நாந்தான் சிறை வச்சுட்டேன்" என்றார்.

"வெயிலுங்க" என்றேன்.

"பாளையங்கோட்டையில பாக்காத வெயிலா? முட்டைன்னா உசுர விடுதவ இவ. இன்னைக்கி மொகத்தத் திருப்புதா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான் பேராசிரியைகிட்ட இல்லன்னு சொல்லிருதேன். முப்பதாம் தேதிக்கு ரயிலுல டிக்கெட்டு போட்டுருக்கேன். சோதனை முடியட்டும், அந்த மனுசன் நாலு வாரம் பாடுபட்டிருக்காரு. முடிஞ்சதும் போறோம். ஒங்கள ஒண்ணும் குத்தம் சொல்லல."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. எனக்குத்தான் தெரியும் குற்றவாளி யார் என்று. இன்றைக்கும் என் சட்டைப் பையில் இரண்டு வர்க்கி இருந்தது.

ஜூன் 25, புதன்

வர்க்கி கொடுக்கவில்லை. கொடுக்காவிட்டால் பசியெடுத்து முட்டையைத் தின்னும், டீச்சர் மனது மாறும் என்று நினைத்தேன். ரிலே பேக்கரி வாசலில் உட்கார்ந்து வானத்தைப் பார்த்து ஊளையிட்டது.

பேக்கரிக்காரர், "ஏனுங்கண்ணா, இன்னைக்கு இல்லீங்களா? தினமும் நாலு சாப்படற நாயிங்க, பாவம்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். நான் ஆள் தெரியாதவன்போல் நடந்தேன்.

வீட்டுக்கு வந்தும் முட்டையைத் தொடவில்லை. டீச்சர் பெட்டியை இறக்கி, தூசி தட்டினார்.

ஜூன் 26, வியாழன்

சொல்லிவிடுவது என்று டீச்சர் முன்னால் போய் நின்றேன். "என்ன?" என்றார். பாலுக்கு உறை ஊற்றியாகிவிட்டதா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூன் 27, வெள்ளி

இதை எழுதி முடித்ததும் நோட்டைக் காபி ஃபில்டருக்குப் பக்கத்தில் வைக்கப் போகிறேன். மூன்று மணிக்கு டீச்சர் அங்கே வருவார். நான் வடவள்ளி நூலகத்துக்குப் போய்விடுவேன். எனக்கு நேரில் பேச வராது. கிரைண்டரில் கல் ஓடவில்லை என்று வருகிறவரிடம் காரணத்தைச் சொல்லத் தெரியும். இதைச் சொல்லத் தெரியவில்லை.

டீச்சர், ரிலேக்கு ஏக்கமில்லை. வயிறு நிறைந்து கிடக்கிறது. பத்தாம் தேதியிலிருந்து நான்தான் வர்க்கி கொடுத்தேன். முதலில் அது நடக்க வேண்டும் என்று கொடுத்தேன். உங்கள் முன்னால் தோற்கக் கூடாது என்று கொடுத்தேன். அப்புறம் அந்தக் காரணமெல்லாம் போய்விட்டது. ரிலே என்னை விட்டுப் போகமாட்டேன் என்று அடம்பிடித்தால் நீங்களும் போகமாட்டீர்கள் என்று கணக்குப் போட்டேன். கணக்கு தலைகீழாகிவிட்டது.

நாய்களின் நலன் என்று இந்த நோட்டில் நான் எழுதியிருக்கும் இடங்களில் எல்லாம் அதை அடித்துவிட்டுப் படியுங்கள். நீங்கள் போனால் எனக்குத் தாங்காது. ஒன்பது வருடம் தனியாக இருந்து பழகியவன் என்று எழுதியது பொய். ஒரு நாளும் பழகவில்லை.

ஜூன் 27 (இது வேறு கையெழுத்து, சிவப்பு மை)

நோட்டு முழுதும் படித்தேன். திருத்தங்கள்:

ஒன்று. ஜூன் 2, மாலை. 'ரிமோட் என் கையில் இருந்தது, அவ்வளவுதான்' என்பது தவறு. நான் கபடி பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி ரெய்டு. நீங்கள் வானிலைச் செய்திக்கு மாற்றினீர்கள்.

இரண்டு. வர்க்கி சாப்பாடுதான்.

மூன்று. பன்னுவுக்குப் பல்லில் ஒன்றுமில்லை. அது நெத்திலிக் கருவாடு. விளையாட்டுச் சாமான் பையில், டிராக்சூட்டுக்கு அடியில், ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. அவன் நடுரோட்டில் படுத்த அன்றே ஆரம்பித்தேன். நீங்கள் டார்ச் அடித்துப் பார்த்தபோது நான் துவைக்கிற கல்லில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். பாவம், மருத்துவரிடம் வேறு சண்டை போட்டிருக்கிறீர்கள். அதற்கு மட்டும் வருத்தம்.

ஏன் கொடுத்தேன் என்று கேட்பீர்கள். நாய் என் பக்கம் வந்துவிட்டால் வீட்டுக்காரரும் என்னைப் போகச் சொல்லமாட்டார் என்று நினைத்தேன். இந்த வயதில் இரண்டு பேருக்கும் ஒரே புத்தி. பந்தியில் பார்த்தபோதே தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் டிக்கெட்டை நான் இன்னும் ரத்து செய்யவில்லை. ரிலேக்கு ஏக்கமில்லை, சரி. எனக்கு உண்டு. அடுப்பங்கரையில் எந்தப் பாத்திரத்தை நகர்த்தினாலும் அதன் பழைய இடத்தை நீங்கள் ஒருமுறை பார்க்கிறீர்கள். நான் கூடத்தில் உங்கள் மனைவி, அடுப்பங்கரையில் விருந்தாளி. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முட்டை வேகவைக்கிற விருந்தாளி. சாரதா அம்மாமீது எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் இதற்கு வர்க்கி மருந்தில்லை.

கையெழுத்து மோசம். இனிமேல் கோடு போட்ட நோட்டில் எழுதவும்.

ஜூன் 28, சனி

சண்டை எதுவும் இல்லை. நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை. நாய்கள் இரண்டும் எங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, ஒன்றையொன்று மறந்துவிட்டன.

அடுப்பங்கரையில் கொஞ்ச நேரம் தனியாக உட்கார்ந்திருந்தேன். சாரதாவிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவள் நல்லவள். எதற்கும் காரணம் கேட்கமாட்டாள்.

ஜூன் 29, ஞாயிறு

காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போனேன். முப்பது வருடத்துக்குப் பிறகு. எந்த மீன் என்ன பெயர் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் வெட்கம். பார்க்க வெள்ளி மாதிரி பளபளவென்று பொடிப்பொடியாக ஒரு குவியல் இருந்தது. இரண்டு கிலோ என்றேன். "சுத்தம் பண்ணித் தரட்டுங்களா?" என்று கடைக்காரர் கேட்டார். இந்தப் பொடியில் சுத்தம் செய்ய என்ன இருக்கிறது என்று வேண்டாம் என்றுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து, டீச்சர் பையிலிருந்த மண்சட்டியை எடுத்து, சாரதாவின் அஞ்சறைப்பெட்டியை நகர்த்திவிட்டு அந்த இடத்தில் வைத்தேன். பக்கத்தில் மீன். பழைய இடத்தைத் திரும்பிப் பார்க்கவில்லை.

டீச்சர் வந்தார். சட்டியைப் பார்த்தார். மீனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ரெண்டு கிலோ நெத்திலியா?"

"நீங்க கருவாடா வெச்சிருந்ததுதானுங்க இது?"

"ஆமா. பச்சையா ரெண்டு கிலோ. ஒவ்வொண்ணா தலையக் கிள்ளணும் தெரியுமா? மத்தியானம் வரைக்கும் கிள்ளணும்." இடுப்பில் கை வைத்து நின்றார். "ஒரு வஞ்சிரம், பாறை ஏதும் ஒங்க கண்ணுல படலியா?"

"அழகா இருந்துச்சுங்க."

டீச்சர் சிரிக்கத் தொடங்கினார். சிரித்தபடியே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பிறகு விசிலை எடுத்து ஒரு ஊது ஊதி, "உக்காருங்க. தலையக் கிள்ளுங்க" என்றார். உட்கார்ந்தேன். கிள்ளினேன்.

பத்து மணிக்குக் குழந்தைவேலு வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். செருப்பைக் கழற்றும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

சோதனை தொடங்கியது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தட்டு. சாப்பாடு போட்டாயிற்று. அதுவரை கிள்ளிய மீனைப் போட்டு வைத்த குழம்பு உள்ளே கொதித்துக்கொண்டிருந்தது. டீச்சர் பன்னுவிடம் போய் நின்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "உக்காருங்க சாமி" என்றார். பன்னு உட்கார்ந்தது. நான் ரிலேயிடம் போனேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏட்டி, இரு" என்றேன். ரிலே ஒரு விநாடி என்னைப் பார்த்து மலைத்துவிட்டு உட்கார்ந்தது.

குழந்தைவேலு கடிகாரத்தைப் பார்த்தார். பத்து விநாடி. இருபது. முப்பது. பன்னுவின் வாயிலிருந்து எச்சில் கம்பியாக இறங்கியது. ஆனால் அசையவில்லை. ரிலேயின் காது மட்டும் ஆடியது. யாரும் மூச்சு விடக்கூடாது என்பது விதி. டீச்சருடைய பெட்டி கூடத்துச் சுவரோரம் பூட்டி நின்றது. அதன் கைப்பிடியில் ரிலேயின் சங்கிலி தொங்கியது. நான் அதைப் பார்த்துவிட்டேன்.

நாற்பது. ஐம்பது.

"போகாதீங்க டீச்சர்" என்றேன்.

சத்தமாகவே வந்துவிட்டது. டீச்சர் திரும்பவில்லை. பன்னுவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் விசில் ஏறி இறங்கியது.

"அறுபது" என்றார் குழந்தைவேலு. கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தார். "நாய் ரெண்டும் பாஸுங்க. அசையல, சத்தம் போடல. நடுவுல வாயத் தொறந்தது நீங்க ஒருத்தர்தானுங்க சார்."

"அவுகள பெயிலாக்கிராதீங்க. நான் சொல்லிக்குடுத்துக்கிடுதேன்" என்றார் டீச்சர்.

ஜூன் 30, திங்கள்

பாளையங்கோட்டை வீட்டுச் சாவி இன்று காலை கூரியரில் போனது. பேராசிரியை அடுத்த வாரம் குடிவருகிறாராம். ரயில் டிக்கெட்டை டீச்சரே ரத்து செய்தார். நான் பக்கத்தில் நின்று சரியாகச் செய்கிறாரா என்று பார்த்துக்கொண்டேன்.

துவைக்கிற கல்லுக்குப் பக்கத்திலிருந்த சின்ன அடுப்பைக் கழற்றிப் பரணில் போட்டேன்.

நாய்கள் இரண்டும் கூடத்தில் ஒரே கால்மிதியில் படுத்துக்கொள்கின்றன. ஆகவே ஓர் அறை காலியாகிவிட்டது. அதில் கிரைண்டர் சாமான்களைப் போடலாம் என்று இருக்கிறேன்.

ஜூலை 1, செவ்வாய்

காலை 7. சண்டை. மூன்று விநாடிதான். பன்னு குரைத்தது, ரிலே குரைத்தது, இரண்டும் மறந்துவிட்டன. முன்பு: மின்விசிறி ஐந்தில் இருந்தது. நான் மூன்றில் வைத்தேன். இப்போது நான்கில் ஓடுகிறது. இருவருக்கும் பிடிக்கவில்லை.

ரிலே முட்டை சாப்பிட்டது. வர்க்கி தினமும் ஒன்றே ஒன்று, அதுவும் தட்டில், டீச்சர் கண்ணெதிரே.

பன்னுவின் வாயில் வாடை. மருத்துவரிடம் போகவில்லை.

முன்பு: ஞாயிற்றுக்கிழமைக் குழம்பு நேற்று சுண்டியிருந்தது. ஒரு நாள் ஆனால்தான் மீன் குழம்புக்கு ருசி என்று டீச்சர் சொன்னார். நான் மீனைத் தொடவில்லை. குழம்பு மட்டும், உப்பு சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதற்காக, ஒரு சொட்டு. இந்த நோட்டை டீச்சர் படிப்பார் என்பதால் உண்மையை எழுதுகிறேன்: இரண்டு சொட்டு.

(சிவப்பு மை) இரண்டு கரண்டி. மீனோடு.